இன், ஆன்: ஃபார்சி படிக்கும் வாசகருக்கு

அன்புள்ள ஐயா,

ஃபார்சி (பாரசீக மொழி) படிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. 32 எழுத்தையும் வரிசையாக ஒப்பிப்பேன், ஆனால் ஒரு சொல்லைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை. 'இன்' என்பதற்கு இது, இந்த இரண்டும் பொருள் என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்பிப்பதைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள். நானும் அப்படித்தான் நோட்டு நோட்டாக எழுதி வீணடித்தேன். தனியே நிற்கும் எழுத்து சொல்லுக்குள் போனதும் உருவம் மாறிவிடுகிறதே, அப்புறம் எப்படி அடையாளம் தெரியும்?

'இன்', அதன் ஜோடியான 'ஆன்' (அது, அந்த) இரண்டையும் வலமிருந்து இடமாக எழுதிப் பாருங்கள். 'இன்'னில் முதலில் அலெஃப், வெறும் செங்குத்துக் கோடு, அடுத்த எழுத்தோடு சேராது. அப்புறம் 'யெ', கீழே இரண்டு புள்ளியோடு சின்னப் பல்லாகச் சுருங்கி, நடுவில் புள்ளி வைத்த கிண்ணமான 'நூனை'த் தொட்டுக்கொள்ளும். 'ஆன்' எழுத அலெஃப் தலையில் ஒரு நெளிவு, பக்கத்தில் ஒட்டாமல் நூன், அவ்வளவுதான். அலெஃப் போல அடுத்ததோடு ஒட்டாத எழுத்துகள் மொத்தம் ஏழு, அதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பஸ்ஸில் வரும் ப-வுக்கும் பல்லில் வரும் ப-வுக்கும் அங்கே தனித்தனி எழுத்து, படகு போன்ற உருவம் ஒன்றுதான், முன்னதற்குக் கீழே ஒரு புள்ளி, பின்னதற்கு மூன்று. (ஆங்கிலப் பாடநூலில் இசட்-எச் என்று பார்த்ததும் 'ழ' என்று படித்துவிடாதீர்கள், அது டெலிவிஷனில் வரும் ஒலி.)

சரி, இது, இந்த விஷயம். 'இன் கெத்தாப்' என்றால் இந்தப் புத்தகம், 'இன் கெத்தாப் அஸ்த்' என்றால் இது புத்தகம். 'இன் கெத்தாப் கெரான் அஸ்த்' என்று நடுவில் ஒரு சொல் வந்தால், இந்தப் புத்தகம் விலை அதிகம். கடைசிவரை படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், வினையைக் கடைசியில் வைக்கும் நமக்கு இது பழகியதுதானே. பன்மையிலும் 'இன் கெத்தாப்ஹா'தான், 'இந்தப் புத்தகங்கள்' என்னும்போது நாமும் 'இந்த'வை மாற்றுவதில்லை. இன்ஜா என்றால் இங்கே, ஆன்ஜா என்றால் அங்கே. நம் இ, அ போலவே இ அண்மைக்கு, ஆ சேய்மைக்கு! உறவுமுறை எதுவும் தேடாதீர்கள், தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. ஆங்கிலம் வழியாகப் போவதால்தான் உங்களுக்கு இவ்வளவு சுற்று.

இன்னொன்று, தெஹ்ரான்காரர்கள் பேசும்போது 'ஆன்' என்பது 'ஊன்' ஆகிவிடும், ரொட்டியைச் சொல்லும் 'நான்'கூட 'நூன்'தான். கேட்டுக் குழம்பாதீர்கள், எழுதும்போது 'ஆன்' என்றே எழுதுங்கள்.