பெருங்குடல் புற்றுநோய்: 65 சதவீதம் என்ற கணக்கு யாரைப் பற்றியது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணனுக்கு 52 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். மூன்றாம் நிலை என்கிறார்கள். அடுத்து கீமோ தொடங்க இருக்கிறது. இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் ஓரிடத்தில் 50 சதவீதம், இன்னோரிடத்தில் 65, வேறோரிடத்தில் 74 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? எனக்கு 44 வயது, திருச்சியில் வசிக்கிறேன். நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: நீங்கள் பார்த்த மூன்று எண்களிலும் பிழை இல்லை. 50 என்பது 1970-களின் நடுவில் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்கு. 65 என்பது அண்மைக் காலத்தில், எல்லா நிலைகளிலும் கண்டறியப்பட்ட அனைவரையும் ஒன்றாகச் சேர்த்த கணக்கு. நோய் குடலைத் தாண்டி அருகிலுள்ள திசுக்களையோ நிணநீர் முடிச்சுகளையோ எட்டியவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் 74 வருகிறது. குடற்சுவருக்குள்ளேயே நின்றவர்களுக்கு அது ஏறத்தாழ 91, கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கு ஏறத்தாழ 15. இவை பெரும்பாலும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1973 முதல் நடத்திவரும் ‘சீர்’ என்ற பதிவேட்டுத் திட்டத்திலிருந்து வருபவை. இன்று அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி அந்தப் பதிவேட்டின் கீழ் வருகிறது என்பதால், அவற்றை நம்பலாம். ஆனால் அண்ணனுக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

முதல் காரணம், இது ஒப்பீட்டு உயிர்வாழ்வு விகிதம். அதே வயதும் அதே பாலினமும் கொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்டு, இந்த நோயால் மட்டும் எவ்வளவு உயிரிழப்பு கூடுகிறது என்பதை இது காட்டுகிறது. இந்த நோய் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர் அங்கே 66 வயதைக் கடந்தவர்கள் என்பதால், எழுபது, எண்பது வயதுக்காரர்களும் அந்தக் கணக்கில் நிறைய உண்டு. இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பதால் முழு அளவு கீமோவைத் தாங்க முடியாமல் போனவர்களும் அதில் அடக்கம். 52 வயதில், வேறு பெரிய நோய் இல்லாமல், முழுச் சிகிச்சையும் பெறக்கூடிய ஒருவரை அந்தச் சராசரி குறைத்தே காட்டும்.

இரண்டாவது, பதிவேடு சொல்லும் ‘அருகில் பரவிய’ வகையும் உங்கள் அண்ணனின் மருத்துவர் சொல்லும் மூன்றாம் நிலையும் (நிணநீர் முடிச்சுகளை எட்டிய, ஆனால் தொலைவான உறுப்புகளுக்குப் பரவாத நோய்) ஒன்றில்லை. நிணநீர் முடிச்சுகளைத் தொடாமல் பக்கத்துத் திசுவில் பரவிய இரண்டாம் நிலை நோயாளிகள் சிலரும் முந்தைய வகையில் இருக்கிறார்கள். மூன்றாம் நிலைக்குள்ளேயும் வேறுபாடு மிகப் பெரியது: குடற்சுவரில் ஆழமாக இறங்காமல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் தொட்ட கட்டி, முடிச்சே தொடாமல் சுவரைத் துளைத்து வெளியே வந்த இரண்டாம் நிலைக் கட்டியை விடவும் நல்ல விளைவைத் தருவதுண்டு. ஆகவே அறுவையில் அகற்றிய திசுவைப் பரிசோதித்து எழுதிய அண்ணனுடைய பெத்தாலஜி ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, மூன்று விஷயங்களைப் பாருங்கள். டி (T) என்ற எழுத்தை அடுத்து வரும் எண் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும், என் (N) என்ற எழுத்தை அடுத்து வருவது எத்தனை முடிச்சுகளில் நோய் இருந்தது என்பதையும் சொல்லும். மூன்றாவது, மொத்தம் எத்தனை முடிச்சுகளை எடுத்துப் பரிசோதித்தார்கள் என்பது; குறைந்தது 12 இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நிலையைக் கணித்ததிலேயே ஐயம் வரும், அறுவை மருத்துவரிடம் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் காலம். இன்று வெளியாகியிருக்கும் ஐந்தாண்டுக் கணக்கில் இருப்பவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள். 1990-ல்தான் மூன்றாம் நிலைக்கு அறுவைக்குப் பின் கீமோ கட்டாயம் என்ற பரிந்துரை அமெரிக்காவில் வந்தது. 2004-ல் அதோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்தது. 2018-ல் வெளியான ஆறு ஆய்வுகளின் கூட்டு அலசல், ஆபத்துக் குறைந்த மூன்றாம் நிலையினருக்கு ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதக் கீமோவே பெரும்பாலும் போதும் என்று காட்டியது. கை கால் விரல்களில் மரத்துப்போதல், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரைத் தொட்டால் ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவை ஆக்சாலிபிளாட்டினின் தொல்லைகள். நாளாக நாளாகச் சேர்ந்து நிலைத்துவிடக்கூடிய இந்த நரம்புப் பாதிப்பு, கால அளவு குறையும்போது வெகுவாகக் குறைகிறது. அண்ணனுக்கு எத்தனை மாதம், ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு பரிசோதனையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கட்டியின் செல்களில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்பதை எல்லாக் கட்டிகளிலும் பார்க்க வேண்டும். அவை இல்லாத வகைக்கு நோயெதிர்ப்பு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. இந்த வகை மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு கீமோவுடன் அடெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது, மூன்றாண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 76.6 சதவீதத்திலிருந்து 86.4 ஆக உயர்ந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. நீங்கள் பார்த்த 74-ல் இந்த முன்னேற்றம் சேரவில்லை.

50-லிருந்து 65-க்கு வந்தது உண்மையான முன்னேற்றமா, நோயை முன்கூட்டியே கண்டுபிடித்ததால் வந்த தோற்றமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். 70 வயதில் இறக்கப்போகிற ஒருவருக்கு 67-ல் நோய் தெரிந்தால் மூன்றாண்டு வாழ்ந்தார் என்றும், 64-லேயே தெரிந்தால் ஆறாண்டு வாழ்ந்தார் என்றும் கணக்கு வரும். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை, ஆனால் ஐந்தாண்டு விகிதம் உயர்ந்துவிடும். அதனால்தான் இறப்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு 1970-ல் 29.2 ஆக இருந்த இந்த நோயின் இறப்பு 2020-ல் 12.6 ஆகக் குறைந்திருக்கிறது. எனவே முன்னேற்றம் மெய்யானதே. புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளை, கேமராக் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபியிலேயே அகற்றியதும் இதற்கு ஒரு பெரிய காரணம். அப்படித் தப்பித்தவர்கள் நோயாளிகளாகவே பதிவாகாததால் உயிர்வாழ்வு விகிதத்தில் அவர்கள் தென்படுவதே இல்லை. கவலை தருவது இளையவர்களின் நிலை. கண்டறியப்படுவோரில் 55 வயதுக்குக் கீழானவர்கள் 1995-ல் 11 சதவீதம், 2019-ல் 20 சதவீதம்.

கீமோ முடிந்த பிறகு, நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுக்குள் திரும்பும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவருக்கு முதல் நாள் சொன்ன சதவீதம் பொருந்தாது. அவருடைய வாய்ப்பு அதைவிட நன்றாக இருக்கும். நோய் திரும்புவதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை முதல் இரண்டாண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை, அறுவை முடிந்து ஓராண்டானதும் ஒரு கொலனோஸ்கோபி, குறித்த இடைவெளியில் சிடி ஸ்கேன் என்ற அட்டவணையை அண்ணன் தவறவிடக் கூடாது. நடைப்பயிற்சியும் சிகிச்சையின் பகுதிதான். கீமோ முடித்த 889 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகள் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டுக்குப் பின் 90.3 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலே அந்தப் பயிற்சிக்கு ஈடாகும்.

இனி உங்களைப் பற்றி. கூடப்பிறந்தவருக்கு 60 வயதுக்கு முன்பே இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டதால் தள்ளிப்போட வேண்டாம். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய புற்றுநோய்களுக்கு அரசுத் திட்டத்தில் இருப்பது போன்ற பரிசோதனை குடலுக்கு இந்தியாவில் இல்லை என்பதால், யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள். நீங்களாகத்தான் குடல் இரைப்பை மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது அண்ணனின் டிஎன்ஏ திருத்தப் புரதப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் புரதங்கள் இல்லாமல் போனதற்குப் பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறிதான் காரணம் என்று உறுதியானால் உங்களுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் மரபணுப் பரிசோதனை தேவைப்படும். அந்த மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு 20-25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கொரு முறை கொலனோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும். இதற்கிடையில் மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத ரத்தசோகையோ, மலம் கழிக்கும் வழக்கத்தில் சில வாரம் நீடிக்கும் மாற்றமோ தெரிந்தால், மூலம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.