பத்தாம் வகுப்பில் விளையாட்டை நிறுத்தலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "பத்தாம் வகுப்புக்கு வந்ததும் என் மகள் பள்ளியின் கோ-கோ அணியிலிருந்து விலகிவிட்டாள். இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். இரவில் சரியாகத் தூங்குவதில்லை. அடிக்கடி தலைவலி என்கிறாள். உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா?"

சேர்க்கலாம், ஆனால் எதில் சேர்வது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். உடலுழைப்பு வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பலன் வியர்வை சிந்துவதால் மட்டும் கிடைப்பதன்று. தன்னால் முடிகிறது என்ற நிறைவும், தோழிகளோடு சிரித்துப் பேசும் நேரமும் அதில் கலந்திருக்கின்றன. அணியை விட்டபோது உங்கள் மகள் இவற்றையும் சேர்த்தே இழந்திருக்கக்கூடும் என்பதால், பிடிக்காத வகுப்பில் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதும், எடையைச் சுட்டிக்காட்டி அனுப்புவதும் அவளை மேலும் ஒதுங்கவே வைக்கும்.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டிய பிறகுதான் பயன் என்று எண்ண வேண்டாம். 20 நிமிடத்தில் தொடங்கலாம். செட்டிநாட்டு வெயிலில் நான்கு மணிக்கு வெளியே ஓடச் சொல்வது தண்டனையாகிவிடும். வெயில் தாழ்ந்தபின் வீட்டு வளவிலேயே ஒரு தோழியுடன் கயிறு தாண்டலாம். அதிகாலையில் ஊருணிக் கரையில் உங்களோடு வேகமாக நடக்கலாம். அவள் விலகியதற்குப் படிப்புதான் காரணமா என்பதையும் மெல்லக் கேளுங்கள். மாதவிடாய் வலி, விளையாட்டு உடையில் பிறர் பார்வை, யாரோ சொன்ன ஒரு சொல் ஆகியவற்றைப் பெண் பிள்ளைகள் எளிதில் வெளியே சொல்வதில்லை.

தலைவலிக்கு முதலில் கண் பரிசோதனையும், சோர்வும் இருந்தால் ரத்தசோகைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் வாட்டம் நீடித்தாலோ, உணவைத் தவிர்த்தாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்கு விளையாட்டு துணையே தவிர மாற்றன்று. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் பள்ளியில் விசாரியுங்கள்; மற்ற பெற்றோரையும் அழைத்துச் சென்று பேசினால், வாரத்தில் இரண்டு வேளைகளையாவது மீட்டுவிடலாம்.