சீனியர் கவுன் யாருக்குக் கிடைக்கும்? – கேள்வி பதில்

கேள்வி (தொழிலுக்கு வந்து இரண்டு வருடமான ஜூனியர்): எங்கள் ஆபீஸில் எல்லோரும் அவரை 'சீனியர்' என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அவர் 'டெசிக்னேட்டட்' இல்லையாம். என்ன வித்தியாசம் சார்?

பதில்: நமக்கு வேலை சொல்லிக்கொடுத்து கேஸ் கட்டைத் தூக்க வைக்கிற எல்லோரும் நமக்குச் சீனியர்தான் தம்பி. அது உறவுமுறை மாதிரி. சட்டம் சொல்லும் மூத்த வழக்கறிஞர் வேறு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 16-ஆவது பிரிவைப் பாருங்கள். திறமை, பாரில் (வழக்கறிஞர்கள் வட்டத்தில்) இருக்கும் மதிப்பு, சட்டத்தில் தனி அறிவு அல்லது அனுபவம் இவற்றை வைத்து உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தரும் தகுதி இது. அரசும் தருவதில்லை, பார் கவுன்சிலும் தருவதில்லை. வாங்குபவரின் சம்மதமும் வேண்டும்.

கேள்வி (அதே ஜூனியர்): சம்மதமா? வேண்டாமென்றும் சொல்வார்களா?

பதில்: யோசிப்பவர்கள் உண்டு. கவுன் மாறிய நாளிலிருந்து வக்காலத்துப் போட முடியாது. பிராது, அஃபிடவிட் எழுதித் தர முடியாது. இருபது வருடப் பழக்கமுள்ள கட்சிக்காரர் பத்திரக் கட்டோடு வாசலில் வந்து நின்றால்கூட, "ஒரு வக்கீல் மூலமாக வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட் (அங்கே வழக்குத் தாக்கல் செய்யும் தகுதி பெற்ற வக்கீல்) இல்லாமலும், மற்ற இடங்களில் இன்னொரு வழக்கறிஞர் இல்லாமலும் ஆஜராக முடியாது. நேரடிக் கட்சிக்காரர்களை நம்பியே ஆபீஸ் நடத்தியவருக்கு முதல் வருடம் கஷ்டம்தான். மற்ற வக்கீல்கள் ப்ரீஃப் (வாதாட வேண்டிய வழக்குக் கட்டு) கொண்டுவந்து கொடுத்தால்தான் பிழைப்பு.

கேள்வி (சென்னையிலிருந்து ஒருவர்): மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படித்தேனே?

பதில்: அது பழைய கதையாகிவிட்டது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. முன்பு நீதிபதிகள் எல்லோரும் ஃபுல் கோர்ட்டாகக் கூடி, பல நேரம் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று வெளியே தெரியாது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு நிரந்தரக் குழுவையும் 100 மார்க் முறையையும் கொண்டுவந்தது. 2023-இல் அதைக் கொஞ்சம் திருத்தியபோது கணக்கு இப்படி நின்றது: அனுபவத்துக்கு 20, வாதாடி வாங்கிய தீர்ப்புகள், இலவச சட்ட உதவி, துறை அறிவு எல்லாம் சேர்த்து 50, எழுதிய சட்டக் கட்டுரை, புத்தகங்களுக்கு 5, நேர்காணலுக்கு 25.

சிக்கல் எங்கே என்றால், சில நிமிட நேர்காணலில் ஒருவரை எடைபோட்டு 25-க்கு மார்க் போடுவது எப்படி? இன்னொன்று, நேர்மை இல்லாதவர் என்று பார் முழுக்கத் தெரிந்தாலும் அதற்காக மார்க் குறைக்க அதில் இடமே இல்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. அதே ஆண்டு மே 13-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மார்க் முறையை எடுத்துவிட்டது. இப்போது மறுபடி ஃபுல் கோர்ட். முடிந்தவரை ஒருமித்த முடிவு, இல்லையென்றால் வாக்கெடுப்பு. குறைந்தது 10 வருடத் தொழில், வருடத்துக்கு ஒரு முறையாவது தேர்வு.

மார்க் போனதில் எனக்கு வருத்தமில்லை. எதற்கு எவ்வளவு எடை என்று விண்ணப்பித்தவருக்கு முன்பே தெரிந்திருந்தது, அதுவும் சேர்ந்து போனதுதான் உறுத்துகிறது.

கேள்வி (மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்): எங்களைப் போல விசாரணை நீதிமன்றத்திலேயே காலம் தள்ளுபவர்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

பதில்: நியாயமான கோபம். குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்கும் உங்கள் வித்தை எந்தச் சட்ட இதழிலும் அச்சாவதில்லை. மேற்படி 2025 தீர்ப்பு, மாவட்ட நீதிமன்ற, தீர்ப்பாய வழக்கறிஞர்களையும் கணக்கில் எடுக்க வழி செய்யச் சொல்கிறது. உயர் நீதிமன்றம் முதன்மை மாவட்ட நீதிபதியிடம் கருத்துக் கேட்கலாம். விண்ணப்பியுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): எங்கட நாட்டில் 'ஜனாதிபதி சட்டத்தரணி' என்பதும் இதுதானா?

பதில்: தகுதி ஏறக்குறைய அதேதான், கொடுக்கும் கை வேறு. உங்களுக்கு ஜனாதிபதி நியமிக்கிறார், இங்கே நீதிமன்றம்.

கேள்வி: கொடுத்ததைப் பறிக்க முடியுமா?

பதில்: முடியும். 2020-இல் குஜராத் உயர் நீதிமன்றம் ஒரு சீனியரின் தகுதியைத் திரும்பப் பெற்றது. பிறகு உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திருப்பித் தந்தது.

கேள்வி (திருநெல்வேலி, நில வழக்கு நடத்துபவர்): மதுரைக் கிளையில் என் இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சீனியர் வைக்கலாமா ஐயா?

பதில்: அங்கே சட்டக் கேள்வி இருந்தால்தான் அப்பீலே நிற்கும். அது என்ன கேள்வி என்று உங்கள் வக்கீலை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெளிவாக எழுதித் தந்தாரென்றால் அவரையே வாதாடச் சொல்லலாம், சீனியர் ஃபீஸ் மிச்சப்படும். தடுமாறினால் சீனியரிடம் போங்கள், அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு.