மனையை விற்காதீர்கள், முதலில் மறுவாழ்வு மையத்துக்குப் போங்கள்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது, எலெக்ட்ரீஷியன். நான்கு மாதத்துக்கு முன் அவருடைய பைக் மீது கார் மோதியதில் தண்டுவடத்தில் அடி. ஆபரேஷன் முடிந்தும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையில் 4 லட்சம் ரூபாய், 11 பவுன் நகை, ஒரு மனை இருக்கிறது. மனையை விற்று ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார் கொழுந்தன். என்ன செய்யட்டும்? – வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, மனையை விற்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல், அதாவது குருத்தணு செலுத்தும் சிகிச்சை, இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கொழுந்தன் அண்ணன் மேலுள்ள பாசத்தில் சொல்கிறார், அவரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்த 4 லட்சத்தில் முதல் செலவு மறுவாழ்வு மையத்துக்கு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையம், உங்களுக்குக் கொஞ்சம் பக்கமாகத் தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், இரண்டிலும் விசாரியுங்கள். அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர். தங்கிப் பயிற்சி எடுக்க எவ்வளவு ஆகும், சலுகை உண்டா என்று கேட்க கூச்சப்படாதீர்கள். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, நேரம் பார்த்துக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டு எடுப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது எல்லாம் அங்கே கைப்பழக்கமாகும். நீங்களும் கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

புண் விஷயத்தை நான் நேரில் பார்த்தவன். எங்கள் உறவில் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். செலவைக் குறைக்கலாம் என்று வீல்சேரில் சாதாரண ஸ்பாஞ்சைப் போட்டு உட்கார வைத்தோம். உணர்ச்சி இல்லாததால் அவருக்கு வலி தெரியவில்லை. ஒருநாள் வேட்டியில் ஈரக்கறை பார்த்தபோது எலும்பு வரை குழிந்திருந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. நல்ல காற்று மெத்தை வாங்கியிருந்தால் அதைப்போலப் பல மடங்கு மிஞ்சியிருக்கும். இப்போது கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குகிறார். வீல்சேரிலும் சிக்கனம் பார்க்காமல், உங்கள் கணவரின் இடுப்பகலத்துக்கு அளவெடுத்து வாங்குங்கள்.

அடுத்து வரவேண்டிய பணம். கார் மோதியதால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, உங்களுக்கு மிச்சம் இரண்டே மாதம். இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். சான்றிதழில் ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு கணக்கு முடியாது. ஏணி ஏறிப் பிழைத்தவருக்கு அந்தப் பிழைப்பே போய்விட்டதைத் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவையும் ஆயுளுக்கும் கணக்கிட்டு 2020-இல் ஒரு வழக்கில் கொடுத்தது. அதனால் கதீட்டர் பில், ஆட்டோ ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இப்போதே ஒரு தொகை தருகிறோம், சமரசம் பேசலாம் என்று யாராவது வந்தால் மறுவாழ்வுப் பயிற்சி முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் தேடிப் பாருங்கள். பைக் அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், இன்சூரன்ஸ் பாலிசியில் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவருடைய பாஸ்புக்கை எடுத்து, மே, ஜூன் மாதவாக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று வரிவரியாகத் தேடுங்கள். அது பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா. இரண்டு கால்களும் மீளாமல் செயலிழந்தால் 2 லட்சம். உடனே தெரிவித்திருக்க வேண்டும், இருந்தாலும் நாளைக்கே மருத்துவ ஆவணங்களோடு வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும், தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

நகையை இப்போது தொட வேண்டாம். பயிற்சி முடிந்து அவர் வீடு திரும்பும் முன் வாசல்படிக்குச் சாய்தளமும், வீல்சேர் நுழையும் அளவுக்குக் கழிப்பறைக் கதவும் வேண்டும். அதற்குக் கையில் காசு போதாவிட்டால் நகையில் இரண்டு பவுனை மட்டும் அடகு வையுங்கள்.