அரசாங்கப் பாடசாலை முடிவுகளில் ஊருக்கு ஏன் இடம் வேண்டும்?

சமூகப் பங்கேற்பு என்றால், பாடசாலை பற்றிய முடிவுகளை அதிபர் தனியாக எடுக்காமல் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் என்று எல்லோரும் கூடிப் பேசி எடுப்பது. இலங்கையில் இதற்கான வழி பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர்தான் அதன் தலைவர். 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் இந்தப் பங்கை இன்னும் விரிவாக்கியது.

காரணம் எளிது. பிள்ளை பாடசாலைக்கு வெளியே எப்படி வாழ்கிறது என்பது ஊருக்குத்தான் தெரியும். சிறுபோக நெல் விதைப்புக்கு முன் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்காக நடக்கும் கமக்காரர் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பொறியியலாளர் சொல்வார். எந்த வாய்க்கால் உடைந்திருக்கிறது என்பதைக் கமக்காரர் சொல்வார். இரண்டும் சேர்ந்தால்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். பாடசாலை முடிவுகளும் அப்படித்தான்.

வன்னியில் ஊரின் பங்கு இன்னும் முக்கியம். 2009 க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்கள் பலவற்றில் வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, பஸ் குறைவு. மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை யானை வரும் பாதை தெரிந்த தாய்தான் சரியாகச் சொல்வார். ஆனால் அந்தத் தாய் பகலில் கச்சான் தோட்டத்தில் கூலிக்கு நிற்பார். கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைத்துவிட்டு, "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது பெரிய அநியாயம்.

பங்கேற்பு என்றால் காசு சேர்ப்பதும் சிரமதானமும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்று கேட்பதும், கணக்கைப் பார்ப்பதும் பெற்றோரின் பங்குதான்.