கடலோரத் தண்ணீர் உப்பாவது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் வீடு. 60 அடி போரில் நல்ல தண்ணீர் வந்தது. இந்தக் கோடையில் கரிக்கிறது. இன்னும் ஆழமாகப் போடலாமா?

பதில்: வேண்டாம், உப்பு இன்னும் கூடும். கடலோர மணலில் மழைநீர் மேலே நிற்கிறது, கடல்நீர் அடியில் நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கனம். அதனால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இறைத்து இறைத்து மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், உப்பு நீர் மெல்ல மெல்ல 20 மீட்டர் ஏறிவிடும். கடலைத் தள்ளி நிறுத்துவது மேலே நிற்கும் நன்னீரின் எடைதான். அதைத்தான் நாம் உறிஞ்சிவிடுகிறோம்.

மோட்டாரை மேலே தூக்கிக் கட்டுங்கள். குறைந்த ஹெச்.பி. மோட்டார் போதும். மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக ஓட்டாமல், அரைமணி அரைமணியாகப் பிரித்து ஓட்டுங்கள். களிமண் அடுக்குக்குக் கீழே தனியாக நன்னீர் இருப்பது ஆய்வில் உறுதியானால் மட்டும் ஆழப்படுத்துவதை யோசிக்கலாம்.

கேள்வி: டிடிஎஸ் 1,400 காட்டுகிறது. கடல்நீர்தானா?

பதில்: டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, மில்லிகிராமில். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சாக்கடைக் கசிவும் உரமும்கூட டிடிஎஸ்ஸை ஏற்றும். லேபில் குளோரைடு (கடல்நீரில் மிகுந்திருப்பது), பைகார்பனேட் (நல்ல நிலத்தடி நீரில் வழக்கமாக மிகுந்திருப்பது) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பைகார்பனேட்டைவிடக் குளோரைடு பல மடங்கு இருந்தால் கடல்மேல் சந்தேகம் வலுக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே 700 மில்லிகிராம் கூடிவிடும். மோட்டார் போட்டதும் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு ஏறியிருந்தால் அடியிலிருந்து இழுக்கிறது. குடிநீருக்கு டிடிஎஸ் 500 வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

கேள்வி: கரிக்கும் தண்ணீர் பாய்ச்சிய களிமண் வயல் ஓடுபோல் இறுகிவிட்டது ஐயா. மழை பெய்தும் தண்ணீர் இறங்கவில்லை.

பதில்: களிமண் துகளில் கால்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்துவிட்டது. மழையில் உப்பு கரைந்து குறைந்ததும் துகள்கள் சிதறி மண்ணின் துளைகளை அடைக்கின்றன. மழை நிலத்தடிக்குப் போகாமல் ஓடிவிடும், நீர்மட்டம் தாழும், கடல் இன்னும் உள்ளே வரும். மண், மழை, கடல் மூன்றும் இப்படி ஒன்றையொன்று இழுப்பதால்தான் வயலைத் திருத்துவது கிணற்றுக்கும் வைத்தியம்.

முதலில் வடிகால் வெட்டுங்கள். அது இல்லாமல் மற்ற செலவெல்லாம் வீண். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு, கால்சியம் தரும் ஜிப்சம் போட்டு உழுது, நல்ல நீரைத் தேக்கி வடியுங்கள். பிறகு பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். வேர் போன வழியில் தண்ணீர் இறங்கும்.

கேள்வி: மட்டக்களப்புப் பக்கம். புயலோட கடல்தண்ணி எங்கட கிணத்துக்க வந்திட்டுது. முழுக்க இறைச்சு விடலாமோ?

பதில்: சேறும் அழுக்கும் போக ஒருமுறை மெதுவாக இறையுங்கள், குளோரின் போடுங்கள், அதோடு நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தது பல கிணறுகளில் பலன் தரவில்லை. மண்ணில் ஊறிய உப்பைக் கழுவ மழைதான் வேண்டும். குளோரின் உப்பை நீக்காது. கிருமியை மட்டுமே கொல்லும். மழை உப்பைக் கழுவும்வரை குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மணல்மேடு. வெட்டிச் சமப்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் தெருவுக்கே மழைநீரைப் பிடித்து வைப்பது அந்த மேடுதான்.

கேள்வி: 1,000 சதுர அடி மாடி, சென்னை. மழைநீர் சேமித்தால் எவ்வளவு தேறும்?

பதில்: ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வீணாவது போக ஒரு லட்சம் லிட்டர் தாராளமாகத் தேறும். மணற்பாங்கான இடத்தில் அதை ஆழ்குழாயில் நேரே விடாதீர்கள். ஆழமில்லாத உறிஞ்சுகுழி போதும். அடியில் கருங்கல் ஜல்லி, மேலே பருமணல். மேல்மணலில் தூசு படிந்து அடைத்துக்கொள்வதுதான் வழக்கமான கோளாறு. செப்டம்பரிலேயே சுரண்டி எடுத்துப் புதுமணல் போடுங்கள். செப்டிக் டேங்க் பக்கம் குழி தோண்ட வேண்டாம்.