கைக்குழந்தைக்குக் கிளாக்கோமா: எந்த ஆபரேஷன்?

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பிறவி கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்). கருவிழி மங்கலாக இருப்பதால் டிராபெகுலாட்டமி செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். கோனியோட்டமி சின்ன ஆபரேஷன் என்று படித்தேன். சொட்டு மருந்திலேயே சரியாகாதா?

பதில்: ஆகாது. பெரியவர்களுக்குச் சொட்டு மருந்தில்தான் பெரும்பாலும் ஆரம்பிப்போம், ஆனால் பிறவி கிளாக்கோமாவில் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் பாதையே சரியாக உருவாகவில்லை, அதைத் திறந்துவிடுவதுதான் வைத்தியம். ஆபரேஷன் வரைக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்க மட்டுமே சொட்டு. அதிலும் பிரிமோனிடின் என்ற சொட்டு கூடவே கூடாது, கைக்குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம்.

கோனியோட்டமியில் டாக்டர் கருவிழி மேல் ஒரு லென்ஸை வைத்து அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே, உள்ளே நுழைத்த மெல்லிய கத்தியால் அடைப்பைக் கீறிவிடுவார். தையல் அதிகம் தேவைப்படாது, வெள்ளைவிழியில் தழும்பும் விழாது, நல்ல ஆபரேஷன்தான். ஆனால் கருவிழி தெளிவாக இருந்தால்தானே உள்ளே பார்க்க முடியும்? உங்கள் குழந்தைக்கு அது மங்கலாக இருக்கிறது. டிராபெகுலாட்டமியில் வெளிப்பக்கத்திலிருந்து, வெள்ளைவிழியில் ஒரு சின்னக் கதவு போல வெட்டித் திறந்து, கண் நீரை வெளியே கொண்டுபோகும் ஷ்லெம் கால்வாயைக் கண்டுபிடித்து, அதற்குள் வளைந்த கம்பியை விட்டு உள்பக்கமாகத் திருப்புவார்கள், அடைப்பு கிழிந்து வழி திறக்கும். இதற்குக் கருவிழி தெளிவு அவசியமில்லை. அதனால் உங்கள் டாக்டர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். மெல்லிய நூலையோ, நுனியில் விளக்கு எரியும் நுண்குழாயையோ கால்வாய் முழுக்கச் சுற்றவிட்டு 360 டிகிரியும் ஒரே தடவையில் திறக்கும் முறையும் உண்டு. நோய் முற்றியிருந்தால், நீர் வடிய வெள்ளைவிழியில் புது வழி போடும் டிராபெகுலெக்டமி என்ற வேறொரு ஆபரேஷனையும் சேர்த்தே செய்வார்கள். இவை பலிக்காவிட்டால்தான் வடிகுழாய் வைப்பது, லேசர் எல்லாம்.

தள்ளிப்போடாதீர்கள், இதுதான் எனக்குப் பெரிய கவலை. மூன்று வயது வரை அழுத்தம் ஏறினால் கண்ணே விரிந்துகொண்டு போகும், அப்படி விரிந்த கண் பழைய அளவுக்குத் திரும்பாது.

ஆபரேஷன் முடிந்ததும் கருவிழிக்குப் பின்னால் கொஞ்சம் ரத்தம் தேங்கலாம், பெரும்பாலும் சில நாளில் தானாக வடிந்துவிடும். அப்புறம் மயக்கம் கொடுத்து அழுத்தம், கருவிழி அகலம், கண்ணின் நீளம் மூன்றையும் திரும்பத் திரும்ப அளப்பார்கள், சில குழந்தைகளுக்கு இரண்டாவது ஆபரேஷனும் வேண்டியிருக்கும். அழுத்தம் குறைந்துவிட்டால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி, ஒரு கண் சோம்பிப்போனால் நல்ல கண்ணை மூடிப் பழக்குவது, இவை எப்போது ஆரம்பிக்கும் என்று இப்போதே டாக்டரிடம் கேட்டுவையுங்கள்.